தெராசி இருக்கிறதா?

மார்ச் 3, ஞாயிறு

இன்று இந்தோனேசிய மொழி கற்கத் தொடங்கினேன். மொழி என்று சொல்வது அதிகம். சாப்பாட்டுச் சொற்கள் மட்டும். எழுபத்திரண்டு வயதில் ஒரு மொழி முழுவதும் ஏறாது. ஒரு தட்டு சோறு கேட்டு வாங்கும் அளவுக்கு ஏறலாம் என்று நம்புகிறேன். அதுவும் உறுதியில்லை.

ஜூன் கடைசியில் நானும் உலகம்மாளும் ஜாவாத் தீவில் யோக்யகர்த்தாவுக்குப் போகிறோம். அங்கே உள்ள பழைய பௌத்தக் கோயிலான போரோபுதூரைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. சரித்திர டீச்சராக இருந்தபோது கரும்பலகையில் அதன் அடுக்குகளை வரைந்து காட்டுவாள். தான் பார்க்காத ஒன்றை வருஷா வருஷம் வரைந்தது போதும் என்கிறாள்.

ஓட்டலில் சர்வர் வந்து நின்றால் நான் உலகுவின் முகத்தைப் பார்ப்பேன். அவள்தான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. தொண்டைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்த பிறகு அவள் குரல் மேசையின் இந்தப் பக்கத்துக்கே சரியாக வந்து சேர்வதில்லை. ஆக, இந்த முறை நான் கேட்டாக வேண்டும்.

முதல் சொல்: நாசி. சோறு என்று பொருள். மறக்க வாய்ப்பில்லை, முகத்திலேயே இருக்கிறது.

மார்ச் 9, சனி

எந்த வரிசையில் கற்பது என்று யோசித்தேன். தாவரவியல் வகுப்பில் பையன்களை வெளியே அழைத்துப் போகுமுன் நச்சுச் செடிகளைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். அதே முறையில், சைவர்களான நாங்கள் சாப்பிடக் கூடாதவற்றை முதலில் படிக்கிறேன். ஆயாம், கோழி. ஈக்கான், மீன். சாப்பி, மாடு. உடாங், இறால். தெலுர், முட்டை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தெராசி. இறாலைப் புளிக்கவைத்து, காயவைத்து, இடித்துச் செய்த கட்டி. நம் பெருங்காயத்தைப் போல ஒரு சிறு துண்டு போதுமாம். எதில் சேர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாகச் சம்பலில், அதாவது அவர்கள் துவையலில், அது இல்லாமல் இருக்காதாம். "ஆதா தெராசி?" என்றால் "தெராசி இருக்கிறதா?" என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

சமையலறை டப்பாக்களில் சொற்களை எழுதி ஒட்டினேன். உலகு பார்த்துவிட்டு உப்பு டப்பாவோடு வந்தாள்.

"என்னங்க இது? உப்புக்குக் காரம்னு எழுதியிருக்கீங்க."

"காரம் இல்ல, காராம். அவங்க பாஷையில உப்பு."

"அப்ப காரத்துக்கு?"

"பெடாஸ்."

"நல்லா இருக்கு. நானே குத்துமதிப்பா உப்பு போடுதேன். இதுல நீங்க பேரையும் மாத்திட்டீங்க."

அவளுக்கு ருசி தெரிவதில்லை. இனிப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. எல்லாம் ஈரமான காகிதம் போல இருக்கிறது என்கிறாள். ஆனாலும் சமையலை விடவில்லை. "உப்பு சரியா இருக்கா?" என்று என்னிடம் கேட்டுக்கொள்கிறாள். சரியாக இருக்கிறது என்று சொல்கிறேன். இப்போது மோர் நிறையக் குடிக்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். தொண்டை ஆறிவிட்டது, விழுங்குவதில் தடையில்லை என்றார். எடைதான் இறங்கிக்கொண்டே வருகிறது. பயணம் போகலாம், இடம் மாறினால் பசி வந்தாலும் வரும் என்றார். திரும்பி வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்த வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

ஆட்டோவில் உலகு சொன்னாள்: "குழாய் எல்லாம் வேண்டாம். சொல்லிட்டேன்."

மாலையில் குழம்பு, கஞ்சி, வேகவைத்தது, வதக்கியது ஆகியவற்றுக்கான சொற்களைப் படித்தேன். பூபூர் என்றால் கஞ்சி.

ஏப்ரல் 20, சனி

நல்ல நாள். செடிகளின் பெயர்களுக்கு வந்துவிட்டேன். நம் முருங்கையை அவர்கள் கேலோர் என்கிறார்கள். பலா, நாங்கா. பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் நெடுநேரம் வேகவைப்பது யோக்யகர்த்தாவின் பெயர்பெற்ற பதார்த்தம். தெம்பே என்று ஒன்று: வேகவைத்த சோயாவில் பூஞ்சையை வளர்த்து, அது வெள்ளை நூலாகப் பருப்புகளைக் கட்டியாகப் பின்னிய பிறகு துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். ஆயுள் முழுக்கப் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்த்தவன் நான். அதைத் தட்டில் வைத்துத் தருவார்கள் என்று நினைத்ததில்லை.

சாயூர் லோடே என்பதுதான் இன்றைய கண்டுபிடிப்பு. தேங்காய்ப்பாலில் காய்கறிகள். படத்தைப் பார்த்தால் அப்படியே நம் திருநெல்வேலிச் சொதி. உலகுவுக்குச் சொதி என்றால் உயிர். இது அவளுக்குப் பிடிக்கும். பிடித்தால் சாப்பிடுவாள். அடிக்கோடிட்டு வைத்தேன்.

மே 5, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் செண்பகவல்லி பேசினாள்.

"அப்பா, இங்கயே அம்மா நாலு வாய்க்கு மேல சாப்பிட மாட்டேங்காங்க. அங்க போய் என்னத்தைச் சாப்பிடுவாங்க? கோயில் எங்கயும் ஓடிராது. அடுத்த வருஷம் போகலாம்லா?"

"அடுத்த வருஷம்" என்று திருப்பிச் சொன்னேன். அவள், "சரிப்பா, போயிட்டு வாங்க" என்றாள்.

மே 19, ஞாயிறு

நேற்றுப் படித்ததில் பாதி மறந்துவிட்டது. எந்தப் பாதி என்பதும் நினைவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

ஒத்திகை. உலகு கடைக்காரி, நான் பசித்து வந்தவன். அவள் கையில் நான் சொற்களை எழுதிவைத்த சீட்டைக் கொடுத்து, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தேன். நம் பெண்களை அம்மா என்பதுபோல அங்கே இபு என்று அழைக்க வேண்டும். ஆண்களைப் பாக்.

"இபு, ஆதா தெராசி?" என்றேன்.

"இருக்கு."

"அப்படிச் சொல்லக் கூடாது. இல்லைன்னு சொல்லு."

"நான் என்ன வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா? இருக்கு."

"இருந்தா எனக்கு அடுத்த வாக்கியம் தெரியாதே, உலகு."

"அப்ப எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போவும்."

இருந்தாலும் பொறுமையாகப் பத்துப் பன்னிரண்டு முறை எனக்காகக் கடைக்காரியாக இருந்தாள். கடைசியில் அவளே என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

ஜூன் 24, திங்கள். யோக்யகர்த்தா

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக வந்து சேர்ந்தோம். தங்குமிடம் ஒரு சந்துக்குள் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. வெளியே முருங்கை மரம் ஒன்று நிற்கிறது. அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. ஆனால் விமானத்திலும் விமான நிலையத்திலும் ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை. வாழைப்பழம் வாங்கினேன், விரலால் காட்டி.

உலகு ஒரு பழத்தில் பாதி சாப்பிட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

சந்து முனையில் ஒரு வாரூங் இருக்கிறது, சிறிய சாப்பாட்டுக் கடை. நடத்துபவர் லஸ்த்ரி என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும். தலைக்குத் துணி கட்டியிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பதார்த்தங்கள் வரிசையாக இருந்தன.

"சூடா மாக்கான், பாக்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். நான் படித்த புத்தகத்தின் முதல் வரி. புத்தகத்தில் இருந்தது ஒரு வாயிலிருந்து வந்ததும் திகைத்துப் போனேன். "பெலும்" என்றேன். இன்னும் இல்லை. அவருக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் எனக்கு முப்பது வயது குறைந்தது.

பிறகுதான் கோளாறு. அவர் சாயூர் லோடே பாத்திரத்தில் கரண்டியைப் போட்டு, "இனி?" என்றார். இதுவா என்று கேள்வி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கரண்டியைத் திரும்பப் போட்டுவிட்டார். அடுத்த பாத்திரத்தைக் காட்டினார். அது மீன். அவசரமாகக் கையை வீசினேன். மறுபடி லோடேயைக் காட்டினார். நன்றாக, மரியாதையாக, இரண்டு தோளுக்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினேன். மறுபடி போட்டுவிட்டார். நாங்கள் ஆமாம் என்று ஆட்டுவது அவர்களுக்கு வேண்டாம் என்று தெரிகிறது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. உலகு சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அதிகம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "சாமி வந்தவர் மாதிரி ஆடுதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள். "யா" என்றேன். லோடே வந்தது.

அதில் உடாங், அதாவது இறால், இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூடவே பொரித்த தெம்பே, வெள்ளரி, ஒரு கிண்ணம் சம்பல். சம்பலை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

உலகு ஒரு கரண்டி லோடே வாயில் வைத்தாள். நெடுநேரம் வாயிலேயே இருந்தது.

"சொதி மாதிரி இருக்குல்லா?" என்றேன்.

"மாதிரி இருக்கு." விழுங்கினாள். "அதான் கஷ்டம். சொதி எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். வாயில வச்ச உடனே அது இல்லைன்னு தெரியுது."

இன்னும் இரண்டு வாய் எனக்காகச் சாப்பிட்டாள். இரண்டு மாதமாக நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த பதார்த்தம் அது.

ஜூன் 26, புதன்

போரோபுதூர். கீழ் அடுக்கிலேயே நின்றுவிட்டாள். மேலே போக மூச்சு போதவில்லை. சுவர்ச் சிற்பங்களில் ஒரு கப்பலைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். "நான் வரைஞ்சதுல இது இல்லை" என்றாள். நடக்கையில் புடவைக் கொசுவத்தை நின்று நின்று இழுத்துச் செருகிக்கொண்டாள். ஊரில் இதே புடவை இடுப்பில் நின்றது.

மத்தியானம் கஞ்சி கேட்டு வாங்கினேன். எந்தத் தவறுமில்லாமல் கேட்டேன். அவள் தொடவில்லை.

திரும்பி வரும்போது காரில் ஒன்று தோன்றியது. நான் கற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்கான சொற்கள். காரம் வேண்டாம், முட்டை வேண்டாம், ஐஸ் வேண்டாம், அது இல்லாமல், இது இல்லாமல். வேண்டாம் என்பதை அவள் எந்தப் பாஷையின் உதவியும் இல்லாமலே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 27, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் லஸ்த்ரி அம்மாளின் கடை. சோறு, தெம்பே, கீரை. வழக்கம்போலச் சம்பல் கிண்ணம். காரம் குறைவாக வேண்டும் என்று முந்தாநாள் நான் சொன்னதை நினைவில் வைத்து, மிளகாய் அதிகமில்லாமல் தக்காளியில் அரைத்திருந்தார். நான் கீரையை உற்றுப் பார்த்து அது என்ன இனம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது உலகு ஒரு துண்டுத் தெம்பேயைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மெல்வதை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். எரிகிறதோ என்று தண்ணீரை நகர்த்தினேன். தண்ணீரைத் தள்ளிவிட்டாள். இன்னொரு துண்டு. பிறகு சம்பலைச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள்.

"என்னமோ தெரியுதுங்க" என்றாள். "என்னதுன்னு சொல்லத் தெரியல. அடி நாக்குல, பின்னாடி. ஏதோ ஒண்ணு வந்து உக்காருது."

"எரியலையே?"

"இல்ல. நீங்க சாப்பிடுங்க."

தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். சிகிச்சைக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததில்லை.

மார்ச் மாதத்திலிருந்து நான் சொல்லிப் பழகிய வாக்கியம் என் வாயில் இருந்தது. லஸ்த்ரி அம்மாள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கேள்வி, ஒரு பதில். பதில் எனக்குத் தெரியும். அந்த மணம் என் மூக்கில் ஏறியிருந்தது. உலகுவுக்கு மணமும் தெரிவதில்லை.

நான் கேட்கவில்லை. சாப்பிட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் உலகு குளித்து, விபூதி பூசி, நெல்லையப்பர் இருக்கும் திசை எது என்று என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அவளுக்கு வெள்ளிக்கிழமையில் வெங்காயம்கூட ஆகாது. சிகிச்சையின்போது எலும்பு சூப் கொடுக்கச் சொன்ன நர்ஸிடம், "அம்மா, நான் செத்தாலும் சைவமாச் சாகுதேன்" என்றவள்.

கும்பிட்டு முடித்து, "அந்தக் கடைக்குப் போவோமா? பசிக்குது" என்றாள்.

பசிக்குது என்ற சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன். ஆனால் இது என்னுடைய வயிறு அல்ல. அவளுடைய நாக்கு, அவளுடைய நோன்பு. அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக நான் தீர்மானிப்பது எந்த நியாயத்தில் சேரும்? சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவாள். அதோடு பசியும் போய்விடும். பிறகு ஊருக்குப் போய் எடைபோடும் கருவிமேல் ஏறி நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பிடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டில் எது தைரியம், எது கோழைத்தனம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கடை வாசலில், செருப்பைக் கழற்றும்போது சொல்லிவிட்டேன்.

"உலகு. அந்தச் சம்பல்ல தெராசி இருக்கு. இறால். நேத்தே எனக்குத் தெரியும். நான் சொல்லல."

அவள் ஒரு செருப்போடு நின்றாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"முந்தாநாள் சாயந்தரம் நீங்க முருங்கை மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னப்ப, இந்தம்மா அடுப்புல ஒரு கறுப்புக் கட்டியை வாட்டுனாங்க. நானே கேட்டேன், ஆதா தெராசின்னு. எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? கட்டியை எடுத்துக் காட்டிச் சிரிச்சாங்க."

"தெரிஞ்சேதான் சாப்பிட்டியா?"

"தெரிஞ்சேதான்." மற்றச் செருப்பையும் கழற்றினாள். "நீங்க ஊட்ட நினைச்சதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச சாப்பாடு. சொதி, கஞ்சி, புட்டு. ஒவ்வொண்ணும் வாயில வந்து நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லுது. இது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது. அதனால எதுவும் குறையல. எனக்கு இருக்கணும் போல இருக்குங்க. இன்னும் கொஞ்ச நாள். சாமிகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன்."

நானும் செருப்பைக் கழற்றினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என் தட்டைப் பக்கத்துல வச்சு நீங்க சாப்பிடுவீங்களா? ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. தள்ளியும் உக்கார மாட்டீங்க. பட்டினி கிடப்பீங்க. இப்பவே கன்னம் ஒட்டிப்போய் இருக்கு."

உள்ளே லஸ்த்ரி அம்மாள், "சூடா மாக்கான்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். உலகுதான் பதில் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. ஆனாலும் அவருக்குப் புரிந்தது.

ஜூன் 29, சனி

இரண்டு சம்பல் கேட்டேன், ஒன்று தெராசியோடு, ஒன்று தெராசி இல்லாமல். முன்கூட்டி ஒத்திகை பார்க்கவில்லை. இரண்டு சொற்களின் நடுவே நின்றுவிட்டேன். லஸ்த்ரி அம்மாள் காத்திருந்தார். எது யாருக்கு என்று விரலால் கேட்டார். காட்டினேன். அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஏதோ வேகமாகச் சொன்னார், எனக்குப் புரியவில்லை. உலகு புரிந்ததுபோலச் சிரித்தாள்.

எனக்கானதை முதலில் அரைத்தார். அதற்குமுன் கல்லைக் கழுவினார். நன்றாகக் கழுவினாரா என்று எட்டிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

இரண்டு கிண்ணமும் ஒரே நிறம். நாற்பத்து நான்கு வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே பந்தியில் வெவ்வேறு சாப்பாடு சாப்பிட்டதில்லை. பக்கத்தில் உட்கார முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த மணம் லேசானதல்ல. முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது. மிளகாய் என்று சொன்னேன். பிறகு பழகிவிட்டது. பழகவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

உலகு என் கிண்ணத்தில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லை. பாவம்" என்றாள்.

சோறு இரண்டாம் முறை கேட்டாள். அதையும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.